இரண்டாம் அங்கத்துப் பிணம்

இரண்டாவது அங்கம் தொடங்கி நான்கு பக்கம்கூடப் புரண்டிருக்காது. மேடையில் திவான் கட்டிலில் போர்வை மூடிக் கிடந்த பிணம் மூச்சு விடுவதைப் புக்கக்கா பார்த்துவிட்டாள்.

முதலில் அவளுக்கு வந்தது எரிச்சல்தான். இருபத்தாறு வருடமாக மேடையின் இடது ஓரத்திரைக்குப் பின்னால், நீலத்தாள் சுற்றிய சின்ன விளக்குக்கு அடியில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. கையில் எப்போதும் நாடகப் புத்தகம் இருப்பதால் பெயரே புக்கக்கா என்று ஆகிவிட்டது; நிஜப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பேசாமல் இருந்துவிடுவாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ மேடைப் பிணங்களைப் பார்த்தாயிற்று. தும்மிய பிணம் உண்டு. கொசு கடித்து ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்த பிணம் உண்டு. இந்த நாடகத்திலேயே நான்காவது காட்சியன்று பிணம் குறட்டை விட்டு, சபையே சிரித்து, துப்பறிய வந்தவரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருக்கிறார்.

அந்தக் குறட்டைக்குச் சொந்தக்காரர் மீசை. மாளிகையின் எஜமானராக முதல் அங்கம் முழுக்க எல்லோரையும் அதட்டி, கடைசியில் மருந்தில் கலந்த விஷத்தைக் குடித்துவிட்டுத் திவானில் சாய்ந்து செத்துப்போவார். இரண்டாவது அங்கம் முழுவதும் அந்த உடல் நடுக்கூடத்திலேயே கிடக்கும். அதைச் சுற்றி அவருடைய பிள்ளைகள் தேநீர்க் கோப்பையும் கையுமாக, குரல் உயர்த்தாமல், மரியாதை குறையாமல் ஒருவர்மேல் ஒருவர் கொலைப்பழி போடுவார்கள். குறட்டைச் சம்பவத்துக்குப் பிறகு, நாடகத்தை நடத்தும் வாத்தியார் ஒரு பொம்மை செய்யச் சொல்லிவிட்டார். சாக்குத்துணிக்குள் தேங்காய் நார் அடைத்து, சுண்ணாம்பில் முகம் வார்த்த பொம்மை. அன்றிலிருந்து இரண்டாவது அங்கத்தில் சாவது அதுதான்.

ஆனால் இன்று மனிதர் தானே படுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று புக்கக்காவுக்குப் புரியாமல் இல்லை. முன்வரிசையில் பெரிய வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மேடையில் இருக்கும் திவான், கம்பளம், உயரமான நிற்கும் விளக்கு, ஏன், பிணத்தை மூடியிருக்கும் அந்த வெண்பட்டுப் போர்வைகூட அவர்கள் கொடுத்ததுதான். அப்பா காலமானதும் பிள்ளைகள் மூவரும் பங்களாவைக் காலி செய்து, சாமான்களை நாடகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வாத்தியார் நன்றி சொல்ல, மூன்று மணிக் காட்சிக்கு வரச்சொல்லி முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். மூத்தவர், நடுவில் தங்கை, ஓரத்தில் சின்னவர். நாற்பது வயதிருக்கும் அந்தச் சின்னவருக்கு. காட்சி தொடங்குமுன் மேடைக்குப் பின்னால் வந்து எல்லோருக்கும் கைகொடுத்தபோது, புக்கக்காவிடம், "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு. நல்ல சாவு" என்று அவள் கேட்காமலேயே சொன்னார். கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

பெரிய மனிதர்கள் முன்னால் நார்ப்பொம்மையைக் கிடத்த வேண்டாம் என்று மீசை நினைத்திருப்பார். நினைக்கட்டும், ஆனால் மூச்சை அடக்கத் தெரிய வேண்டாமா?

அவள் கவனித்துக்கொண்டே வசனத்தின் மேல் அளவுகோலை நகர்த்தினாள். நெஞ்சுப் பக்கம் பட்டு மெல்ல மேலேறியது. ஏறியது. இன்னும் ஏறியது. ஒரு மனிதன் இவ்வளவு நேரம் மூச்சை உள்ளே இழுக்க முடியுமா என்று அவள் யோசிக்கும்போதுதான் நின்றது. நின்று, அங்கேயே இருந்தது. பிறகு, கனமான ஒருவர் படி இறங்குவதுபோலத் தயங்கித் தயங்கி இறங்கியது. அந்த ஒரு மூச்சுக்குள் அவள் நான்கு மூச்சு விட்டிருந்தாள்.

"என்னக்கா, எப்படிப் போகுது?"

பின்னாலிருந்து குரல் வந்தது. டீ வாசனையும் வந்தது. அவள் திரும்பினாள். ரப்பர் செருப்பும் பனியனும் துண்டுமாக, பாதி மீசையை உரித்துவிட்டு, டீ தம்ளரை ஊதிக்கொண்டு மீசை நின்றிருந்தார்.

"செத்ததுக்கு அப்புறம் குடிக்கிற டீயே தனி ருசிக்கா" என்றார்.

புக்கக்கா அவரைப் பார்த்தாள். திவானைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நீங்க அங்க இல்லையா?"

"எங்க?"

அவள் விரலை நீட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். பட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"காத்துக்கா. ஃபேன் காத்து."

காட்சி நடக்கும்போது மேடையில் மின்விசிறி போடுவதில்லை. அதன் சத்தத்தில் பின்வரிசைக்கு வசனம் கேட்காது. அது அவருக்கும் தெரியும். அவர் தம்ளரை ஊதுவதை நிறுத்திவிட்டார்.

புக்கக்கா புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். "அம்பத்தி ரெண்டாம் பக்கம். விரலை எடுக்காம பிடிங்க. இதோ வந்துடறேன்."

பின்திரைக்குப் பின்னால் ஓடும் குறுகலான இடைவழியில், படுதாக் கட்டைகளும் பழைய வர்ண டப்பாக்களும் காலில் இடற, கையால் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்து மூலையில் ஆணியண்ணன் உட்கார்ந்து ஒரு நாற்காலிக் காலை ஒட்டிக்கொண்டிருந்தார். மேடைச் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாயில் எப்போதும் இரண்டு ஆணி இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

"அண்ணே, பொம்மையை நீங்கதானே திவான்ல வச்சீங்க?"

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "இல்லையே. நான் பொம்மையைத் தூக்கிட்டுப் போனேன், அதுக்குள்ள ஆள் படுத்து மூடியிருந்துச்சு. மீசைதான் எழுந்திரிக்கலையாக்கும்னு திரும்பி வந்துட்டேன்."

"பொம்மை எங்க?"

அவர் எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தார். அது அங்கேதான் இருந்தது. சுண்ணாம்பு முகம் மேலே பார்த்துக்கொண்டு, கைகள் மடங்கி, ஒழுங்காக.

இருவரும் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடையிலிருந்து துப்பறிபவர் குரல் கேட்டது: "இந்த வீட்டுல எல்லாரும் ரொம்ப மரியாதையா பேசறீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு." சபையில் லேசான சிரிப்பு.

"திரையை இறக்கிடுங்கண்ணே."

"வாத்தியார் சொல்லாம எப்படிம்மா இறக்குறது? முன்னாடி பெரிய மனுஷங்க உட்கார்ந்திருக்காங்க. எவனாவது குடிச்சுட்டு உள்ள புகுந்து படுத்திருப்பான்."

"அம்பத்தெட்டாம் பக்கத்துல என் பொண்ணு போய் அந்தப் போர்வையைத் தூக்கணும்ணே."

ஆணியண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் சபையின் கடைசியில் விளக்குக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போக, கட்டிடத்தை வெளியே சுற்றித்தான் போகவேண்டும். செருப்பைக்கூடப் போடாமல் பின்கதவைத் திறந்து ஓடினார். கதவு வழியே வெளியே ஒரு கணம் பட்டப்பகல் வெயில் தெரிந்தது. ஒரு சைக்கிள் போனது. பிறகு கதவு சாத்திக்கொண்டு இருட்டு முன்னைவிடக் கறுப்பானது.

அவள் திரும்பி வந்தபோது மீசை அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"அக்கா" என்றார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் அங்கம் முடிஞ்சு விளக்கு அணைஞ்சதும் நான் எழுந்து வந்துட்டேன். போர்வையை நான் மடிச்சு கால்மாட்டுல வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஐம்பத்து நான்கு. மேடையில் அவள் மகள் பாப்பா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். எஜமானரின் மகள் வேஷம்; நீலப் பட்டுப்புடவை, கழுத்தில் போலி முத்து. திவானுக்கு மூன்றடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தாள். தகப்பன் முகம் பார்த்திராத குழந்தை. தொட்டிலுக்குப் பதில் ஒப்பனைப் பெட்டியில் படுத்து வளர்ந்தவள். இரண்டு வயதில் இந்த முக்காலிக்கு அடியில் தூங்கியவள். இருபத்து மூன்று வயதில் முதல் பெரிய வேஷம்.

இப்போது வாடையும் வந்தது. ஒப்பனைச் சாந்து வாடை இல்லை, விளக்குச் சூட்டில் காயும் வர்ண வாடை இல்லை. களிம்பு, பழைய வியர்வை, பல நாள் ஜன்னல் திறக்காத அறை. நெடுநாள் நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் நுழையும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. மேடைமேல் இருந்தவர்களுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். துப்பறிபவர் ஒரு வாக்கியத்தின் நடுவே மூக்கைச் சுருக்கினார். பாப்பா கைக்குட்டையை எடுத்தாள்.

புக்கக்கா மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம். கிட்டப் போகாதே. பாப்பா ஓரக்கண்ணால் பார்த்தாள்; அம்மா அவசரப்படுத்துகிறாள் என்று எண்ணிக்கொண்டு வசனத்தின் வேகத்தைக் கூட்டினாள்.

ஐம்பத்தாறு.

வாத்தியார் வரவில்லை. திரை அசையவில்லை. சபையின் இருட்டில் கடைசி வரிசை தெரியவில்லை. முன்வரிசை மட்டும் மேடை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. மூத்தவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை விசிறிக்கொண்டிருந்தாள். சின்னவர் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். எல்லோரும் பேசுபவர்களைப் பார்க்க, அவர் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழு.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம். பக்கத்தைத் தாண்டிவிட்டால்? போர்வையைத் தூக்கும் கட்டமே வராமல் அறுபதாம் பக்கத்துக்குத் தாவிவிட்டால்?

துப்பறிபவர் வேஷக்காரர், "புக்கக்கா சொன்னா கிணத்துலகூடக் குதிப்பேன்" என்று சொல்லிக்கொள்கிற ஆள். அவர் ஒரு வசனத்தை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், அவள் கையைக் குவித்து அடி எடுத்துக் கொடுத்தாள்.

"சரி, எல்லாரும்…"

அவர் கண் ஒருமுறை ஓரத்திரைப் பக்கம் வந்தது. அவள் மறுபடியும் சொன்னாள். அவர் குதித்துவிட்டார்.

"சரி, எல்லாரும் மாடிக்குப் போங்க. நான் கூப்பிட்டா மட்டும் வந்தா போதும்."

மேடையில் ஒரு கணக் குழப்பம். பிறகு பழகிய நடிகர்கள் சமாளித்தார்கள். ஒருவர் கோப்பையை வைத்தார். ஒருவர் மாடிப்படியை நோக்கி நடந்தார். பாப்பா புடவை முந்தானையை ஒருகையால் பிடித்துக்கொண்டு திவானுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். புக்கக்கா அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டாள். மீசை அவள் தோளைத் தொட்டார்.

அப்போது யாரோ அடி எடுத்துக் கொடுத்தார்கள்.

"நான் இன்னும்…"

உலர்ந்த குரல். கிசுகிசுப்பு. சபைக்கு எட்டாது, மேடைக்கு மட்டும் எட்டும், அளந்து விட்ட குரல். அது இந்த ஓரத்திரையிலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரவில்லை. போர்வையின் முகப் பக்கம் பட்டு உள்ளே ஒட்டி, வெளியே உப்பியது.

"நான் இன்னும்…"

பிறந்ததிலிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் குரலுக்குக் கீழ்ப்படிந்து பழகியவள் பாப்பா. நின்றாள். திரும்பினாள்.

"நான் இன்னும் அப்பா முகத்தைப் பார்க்கலையே" என்றாள், ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தபடியே.

புக்கக்கா கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். வந்தது கிசுகிசுப்புதான். இருபத்தாறு வருடம் கிசுகிசுத்த தொண்டை. அதற்குமேல் எழும்பவில்லை.

பாப்பா திவானருகே மண்டியிட்டாள். போர்வையின் நுனியை இரு விரலால் பிடித்தாள். தூக்கினாள்.

புக்கக்கா இருந்த இடத்திலிருந்து போர்வைக்குள் தெரியவில்லை. மகளின் முகம் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. சுண்ணாம்பு முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று குனிந்த முகம், மெல்ல, ஒவ்வொரு தசையாக, வேறு முகமானது. உதடு மட்டும் பழக்கத்தில் அசைந்தது.

"அப்பா… உங்களை… யாருப்பா?"

புத்தகத்தில் இந்த இடத்தில் மௌனம். ஐந்து எண்ண வேண்டும். பிறகு விளக்கு அணைய வேண்டும்.

ஒன்று.

இரண்டு.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

வயதான கை. ஊசி குத்திக் குத்திக் கறுத்த நரம்பு. நகங்கள் வெட்டப்படாமல் வளைந்து கிடந்தன. பாப்பா கத்தவில்லை. அவள் கண் அம்மாவைத் தேடியது.

புக்கக்கா எழுந்தாள். புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. ஓரத்திரையைத் தாண்டி வெளிச்சத்துக்குள் நடந்தாள். கண் கூசியது. சபை முழுவதும் அவளைப் பார்த்தது. புது வேஷம் ஒன்று நுழைகிறது என்று நினைத்தது. அவள் மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். கை விடவில்லை. இறுக்கவும் இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். யாரோ வரும்வரை பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

"விடுங்கய்யா" என்றாள் அவள். "எங்களுக்கு எதுவும் தெரியாதுய்யா. இது என் பொண்ணு."

போர்வை ஒருமுறை ஏறி இறங்கியது.

"சின்னவனே."

இம்முறை கிசுகிசுப்பு இல்லை. கடைசி வரிசைவரை கேட்டது.

"சின்னவனே, வா. அன்னைக்கு மாதிரி முகத்தோட போர்த்தி விடு."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சின்னவர் எழுந்து நின்றிருந்தார். தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல். மூத்தவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டை அவள் விரலிலிருந்து நழுவியது.

அவர் மேடைப் படிகளில் ஏறினார். ஒவ்வொரு படியாக, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தப்பு செய்து அகப்பட்ட பையன் அப்பாவின் அறைக்குப் போவதுபோல. திவானுக்கு முன் வந்ததும் குனிந்து ஷூவைக் கழற்றினார். இரண்டையும் ஜோடியாக, கம்பளத்தின் ஓரமாக, சுவரைப் பார்த்து வைத்தார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயில் ஒரு சத்தமும் இல்லை.

கை பாப்பாவை விட்டது.

புக்கக்கா மகளோடு பின்னுக்கு விழுந்தாள். விழுந்த இடத்திலேயே அவள் முகத்தைத் தன் நெஞ்சில் அழுத்தி மறைத்துக்கொண்டாள். தன் முகத்தை மறைக்க மறந்துபோனாள்.

சின்னவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். போர்த்தி விடத்தான் பிடித்தார். கொஞ்சம் மேலே இழுத்தார், கழுத்துவரை, அதற்கும் மேலே. அவர் முழங்கால் திவானில் ஏறியது. பிறகு இன்னொரு முழங்கால். யாரும் அவரை இழுத்ததாகத் தெரியவில்லை. அவரே பக்கவாட்டில் சாய்ந்து, காலை மடக்கி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பட்டு அவர் தலைமேல் வந்து மூடியது.

போர்வைக்கடியில் இரண்டு மேடு. ஒன்று அசையாமல். ஒன்று நடுங்கிக்கொண்டு. நடுக்கம் அதிகமானது. ஒரு கால் உதைத்தது, இரண்டு தரம். பிறகு அதுவும் நின்றது.

சபை கைதட்டியது.

முதலில் பின்னாலிருந்து நாலைந்து பேர். பிறகு நடு வரிசைகள். பிறகு எல்லோரும். யாரோ விசில் அடித்தார்கள். திரை இறங்கவில்லை. விளக்கு அணையவில்லை. நடிகர்கள் மாடிப்படியில் சிலைபோல நின்றார்கள். துப்பறிபவர் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே புக்கக்கா பார்த்தாள். திவானின் மறுஓரத்தில் போர்வை லேசாக உயர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். குளிர் நேரத்தில் படுக்கையில் இன்னொருவருக்கு இடம் விட்டுத் தூக்கிப் பிடிப்பார்களே, அப்படி. உள்ளே இருட்டாக இருந்தது. இடம் நிறைய இருந்தது.

முன்வரிசையில் மூத்தவர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாகக் குனிந்து, ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.